ஆறு மணி நேரத்தில் பாதியாகும் மருந்து

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நாம் தயாரிக்கும் பொருள்கள் பொறுமையானவை. இன்று படிகமாக்கிய ஆஸ்பிரினை வடிதாளில் மடித்து வைத்துவிட்டு அடுத்த வாரம் வந்து உருகுநிலை பார்க்கலாம். சீசாவில் அடைத்த செம்புச் சல்பேட்டு நமக்கு முன் படித்தவர்கள் காலத்திலிருந்தே அலமாரியில் இருக்கிறது. ஆனால், பிறந்த கணத்திலிருந்தே குறையத் தொடங்கி, ஆறு மணி நேரத்தில் பாதியாகி, மறுநாள் அதே நேரத்தில் பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும் மருந்துப் பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் டெக்னீசியம் 99 எம். உலகில் நடைபெறும் அணுக்கரு மருத்துவச் சோதனைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இதைக் கொண்டே செய்யப்படுகின்றன. இதைப் பிரித்தெடுத்து, நோயாளியின் உடலில் செலுத்தத்தக்க மருந்தாக மாற்றித் தருபவர் வேதியியலாளர். அந்தத் துறைக்குக் கதிரியக்க வேதியியல் என்று பெயர். அத்துறை எப்படி வளர்ந்தது, அதில் ஓர் ஆய்வாளர் என்ன செய்கிறார், நம்மைப் போன்ற மாணவர் அங்குச் சென்றடைய வழி உண்டா என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

உருவமும் செயலும்

எக்ஸ் கதிர்ப் படத்தில் கதிர் வெளியிலிருந்து உடலை ஊடுருவிச் செல்கிறது. எலும்பின் உருவம் படத்தில் விழுகிறது. அணுக்கரு மருத்துவத்தில் இது தலைகீழ். கதிர்வீசும் பொருள் நோயாளியின் உடலுக்குள் சென்று, குறிப்பிட்ட உறுப்பில் சேர்ந்து, அங்கிருந்து காமாக் கதிரை வெளியே அனுப்புகிறது. காமா கேமரா அதைப் பிடித்துப் படமாக்குகிறது. முன்னது உறுப்பின் உருவத்தைக் காட்டும். பின்னது உறுப்பு வேலை செய்கிறதா என்பதைக் காட்டும். சிறுநீரகம் இருக்கிறது என்று முதல் படம் சொன்னால், அது சிறுநீரைப் பிரிக்கிறதா என்று இரண்டாம் படம் சொல்லும்.

தோல்வியில் பிறந்த முறை

இம்முறையின் வேர் ஒரு தோல்வியில் இருக்கிறது. 1911-ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் ரூதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹங்கேரிய இளைஞர் ஜார்ஜ் டி ஹெவெசி. ஏராளமான ஈயத்தில் கலந்திருந்த ரேடியம் டி என்னும் கதிரியக்கப் பொருளைப் பிரித்துத் தருமாறு ரூதர்போர்டு அவரிடம் கூறினார். ஹெவெசி எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. முடியாததற்குக் காரணம் பின்னரே விளங்கிற்று. ரேடியம் டி என்பதே ஈயத்தின் ஓர் ஐசோடோப்புதான். வேதிப் பண்புகள் ஒன்றாயிருக்க, வேதிமுறையில் எவ்வாறு பிரிப்பது?

பிரிக்க முடியாது என்றால், அது ஈயம் செல்லும் இடமெல்லாம் கூடவே செல்லும் என்றுதானே பொருள்! அப்படியானால் ஈயத்தைப் பின்தொடரும் ஒற்றனாக அதைப் பயன்படுத்தலாம் என்று ஹெவெசி சிந்தித்தார். 1913-இல் பானெத் என்பவருடன் சேர்ந்து வியன்னாவில் இம்முறையைச் செய்து காட்டினார். 1923-இல் அவரைச் செடிக்குள் ஈயம் செல்லும் வழியை இதே முறையில் கண்டறிந்தார். 1943-ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசு இப்பணிக்காக அவருக்குக் கிடைத்தது. இன்று மருத்துவமனையில் ஏற்றப்படும் ஒவ்வொரு கதிரியக்க ஊசியும் ஹெவெசியின் அந்த ஒற்றன் வழி வந்ததே என்றால் மிகையாகாது.

நாற்பத்து மூன்றாம் கட்டம்

தனிம வரிசை அட்டவணையில் மாங்கனீசுக்குக் கீழே உள்ள 43-ஆம் கட்டம் நெடுங்காலம் வெறுமையாகவே கிடந்தது. அமெரிக்காவில் பெர்க்லி நகரில் லாரன்ஸ் அமைத்த சைக்ளோட்ரானில் நெடுநாள் துகள்களால் தாக்கப்பட்ட மாலிப்டினத் தகடு ஒன்று இத்தாலியில் பலெர்மோ நகருக்கு அனுப்பப்பட்டது. அதில் புதிய தனிமம் இருப்பதை 1937-இல் பெரியரும் செக்ரேயும் கண்டனர். செயற்கையாகப் படைக்கப்பட்ட முதல் தனிமம் ஆதலால், செயற்கை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து டெக்னீசியம் என்னும் பெயர் பிறந்தது. அடுத்த ஆண்டே செக்ரேயும் சீபோர்கும் அதன் 99 எம் வகையைக் கண்டறிந்தனர்.

'எம்' என்பது தற்காலிகக் கிளர்வு நிலையைக் குறிக்கும் எழுத்து. இந்த அணுக்கரு 140 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டு ஆற்றலுள்ள காமாக் கதிரை வெளியிட்டுத் தாழ்நிலையை அடைகிறது. உடலைத் தாண்டி வரவும், கேமராவில் எளிதில் பிடிபடவும் ஏற்ற ஆற்றல் இது. அரை ஆயுட்காலம் ஆறு மணி நேரம். சோதனை செய்யப் போதும், நோயாளியின் உடலில் நெடுநாள் தங்கவும் செய்யாது. ஆனால் நோயாளிக்கு நன்மையாகும் இந்தக் குறுகிய ஆயுளே மருத்துவமனைக்குத் தொல்லை. அணு உலையில் செய்து ரயிலில் ஏற்றி அனுப்பினால், பெட்டி ஊர் வந்து சேர்வதற்குள் சரக்கு தீர்ந்துவிடுமே!

பால் கறக்கும் பசு

இதற்கு விடை கண்டவர்கள் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தைச் சேர்ந்த டக்கரும் மார்கரெட் கிரீனும். 1957-58-ஆம் ஆண்டுகளில் அவர்கள் டெக்னீசிய ஆக்கியை உருவாக்கினர். மகளை அனுப்பாமல் தாயை அனுப்புவதே அதன் தத்துவம். டெக்னீசியம் 99 எம்மின் தாய் மாலிப்டினம் 99. அதன் அரை ஆயுட்காலம் 66 மணி நேரம்; எனவே பயணத்தைத் தாங்கும்.

ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் அலுமினாவை நிரப்பி, அதில் மாலிப்டேட்டை ஏற்றுகிறார்கள். இரட்டை எதிர்மின் சுமையுள்ள மாலிப்டேட்டு அயனி அலுமினாவை இறுகப் பற்றிக்கொள்கிறது. அது சிதைந்து உண்டாகும் பெர்டெக்னிட்டேட்டு அயனிக்கு ஒற்றைச் சுமையே. ஆகையால் பிடிப்புக் குறைவு. 0.9 சதவீத உப்புக் கரைசலை ஊற்றினால் மகள் கரைந்து வெளியே வருகிறாள். தாய் குழாயிலேயே தங்குகிறாள். ஏறத்தாழ 23 மணி நேரத்தில் மீண்டும் உச்ச அளவு சேர்ந்துவிடுவதால், மறுநாள் காலை மறுபடியும் எடுக்கலாம். இந்தக் குழாய்க்கு ஆய்வுக்கூடங்களில் 'பசு' என்றே பெயர். எடுக்கும் செயலுக்குப் 'பால் கறத்தல்' என்று பெயர். காலையில் கறந்த பாலைக் காலத்தில் காய்ச்சவேண்டும் என்பது நம் வீடுகளில் தெரிந்த செய்திதான்!

டிராம்பேயில் எழுந்த சிக்கல்

நம் நாட்டில் இத்துறை மும்பைக்கு அருகிலுள்ள டிராம்பேயில் வேரூன்றிற்று. 1956 ஆகஸ்டு 4-ஆம் நாள் அப்ஸரா அணு உலை இயங்கத் தொடங்கியது. 1960-இல் சைரஸ், 1985-இல் துருவா ஆகிய உலைகள் தொடர்ந்தன. 1963-இல் மும்பை பரேலில் கதிரியக்க மருத்துவ மையம் தோன்றியது. ஐசோடோப்புகளைத் தயாரித்து வழங்குவதற்கென 1989-இல் 'பிரிட்' எனப்படும் கதிரியக்க, ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியம் அமைந்தது.

மாலிப்டினம் 99 செய்ய இரண்டு வழிகள் உள்ளன. யுரேனியம் பிளவுறும்போது கிடைக்கும் துண்டுகளிலிருந்து பிரிப்பது ஒன்று. இது ஏறத்தாழத் தூய்மையான மாலிப்டினம் 99-ஐத் தரும். சாதாரண மாலிப்டினம் ஆக்சைடை உலையில் வைத்து நியூட்ரான்களை ஏற்கச் செய்வது மற்றொன்று. இது எளிது, கதிரியக்கக் கழிவும் குறைவு. ஆனால் சிறிதளவு கதிரியக்க மாலிப்டினம் பெருமளவு சாதாரண மாலிப்டினத்தோடு கலந்தே கிடைக்கும். நம் நாட்டில் பல ஆண்டுகள் இரண்டாம் வழியே கைக்கொள்ளப்பட்டது. அலுமினாவுக்கு எது கதிரியக்கம், எது சாதாரணம் என்று தெரியாது. எல்லாவற்றையும் பிடித்து வைக்க வேண்டுமென்றால் குழாய் பெரிதாகவேண்டும். குழாய் பெரிதானால் கறக்கும் பால் நீர்த்துப் போகும்.

இங்கேதான் நம் நாட்டு வேதியியலாளர்கள் வேறு வழியைக் கைக்கொண்டனர். காரம் மிகுந்த மாலிப்டேட்டுக் கரைசலுடன் மீத்தைல் எத்தில் கீட்டோனைச் சேர்த்துக் கலக்கினால், பெர்டெக்னிட்டேட்டு மட்டும் கீட்டோனுக்குச் சென்றுவிடும். அந்தப் படலத்தைப் பிரித்து, ஆவியாக்கி, எஞ்சியதை உப்புக் கரைசலில் கரைத்துக்கொள்ளலாம். நீருக்கும் கார்பன் டெட்ராகுளோரைடுக்கும் இடையே அயோடின் பங்கிடப்படுவதைக் கண்டறியும் சோதனையில் நாம் பிரிபுனலைக் குலுக்குகிறோம் அல்லவா? அதே நெர்ன்ஸ்டு பங்கீட்டு விதிதான். மதிப்பெண்ணுக்காக நாம் செய்யும் சோதனையின் தத்துவத்தை நம்பி நம் நாட்டு மருத்துவமனைகள் பல ஆண்டுகள் இயங்கின. பின்னர், மாலிப்டினத்தைச் சிர்கோனியம் மாலிப்டேட்டுக் கூழாக்கி, அக்கூழையே குழாயில் நிரப்பும் முறையும் இங்குக் கையாளப்பட்டது.

வேதியியலாளரின் கைவண்ணம்

பெர்டெக்னிட்டேட்டை அப்படியே செலுத்தினால் அது தைராய்டுக்கும் இரைப்பைக்கும் செல்லும். எலும்புக்கோ சிறுநீரகத்துக்கோ செல்லவேண்டுமெனில், அதை வேறொரு மூலக்கூறுடன் இணைக்கவேண்டும். ஆனால் +7 ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ள டெக்னீசியம் எதனோடும் எளிதில் இணையாது. முதலில் அதை ஒடுக்கவேண்டும். ஒடுக்குவது எது? நாம் நன்கு அறிந்த ஸ்டேனஸ் குளோரைடு! வெள்ளீயம் +2-லிருந்து +4-க்கு ஏற, டெக்னீசியம் கீழே இறங்கி, அருகிலுள்ள ஈனி மூலக்கூறைப் பற்றிக்கொள்கிறது.

ஸ்டேனஸ் குளோரைடையும் ஈனியையும் முன்கூட்டியே உறைய வைத்து உலர்த்தி, சிறு குப்பியில் அடைத்து விடுகின்றனர். இக்குப்பியில் கதிரியக்கம் இல்லை. மருத்துவமனையில் காலையில் கறந்த டெக்னீசியத்தை அதில் செலுத்திக் குலுக்கினால் மருந்து ஆயத்தம். ஈனி பாஸ்பொனேட்டு வகையாயின் எலும்புக்குச் செல்லும். வேறு ஈனியாயின் இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ செல்லும். ஒற்றன் ஒருவனே, அவன் அணியும் சட்டைக்கேற்ப வாயில் திறக்கிறது.

என் அப்பத்தாவுக்கு மதுரையில் எலும்பு ஸ்கேன் எடுத்தபோது, "ஊசியைப் போட்டுட்டு மூணு மணி நேரம் சும்மா உக்காரச் சொல்றாகளே, தண்ணியாக் குடிக்கச் சொல்றாகளே, எதுக்கப்பா?" என்று கேட்டார். இன்று விடை சொல்ல முடிகிறது. மருந்து எலும்பில் சென்று படிய நேரம் வேண்டும். எலும்பில் சேராத பகுதி இரத்தத்தை விட்டுச் சிறுநீராக வெளியேறவும் நேரம் வேண்டும், அதற்குத்தான் தண்ணீர். அதற்குமுன் படமெடுத்தால் உடல் முழுதும் மங்கலாகத் தெரியும்.

ஊசியில் எவ்வளவு டெக்னீசியம் இருந்திருக்கும்? எலும்பு ஸ்கேனுக்கு வழக்கமான அளவு ஏறத்தாழ 20 மில்லி கியூரி. சிதைவு மாறிலியைக் கொண்டு கணக்கிட்டால் டெக்னீசியம் 99 எம்மின் நிறை சுமார் 4 நானோகிராம் வருகிறது. நம் வேதித் தராசு காட்டும் மிகச் சிறிய அளவு 0.1 மில்லிகிராம்; அதில் இருபத்தையாயிரத்தில் ஒரு பங்கு! கண்ணுக்குத் தெரியாத, எடைக்குப் படாத பொருளைக் கொண்டு வேதியியல் செய்வதே இத்துறையின் அருமை.

இவ்வளவு நுண்ணிய பொருளாயினும் தரச்சோதனை உண்டு. இணையாமல் நின்ற பெர்டெக்னிட்டேட்டு எவ்வளவு என்பதைத் தாள் குரோமட்டோகிராபி மூலம் சில நிமிடங்களில் அறிகின்றனர். குழாயிலிருந்து அலுமினியம் கரைந்து வந்துள்ளதா என்று அலுமினான் கொண்டு புள்ளிச் சோதனை செய்கின்றனர். தாயான மாலிப்டினம் நழுவி வந்ததா என்பதையும் அளக்கின்றனர். உப்புப் பகுப்பாய்வில் நாம் அலுப்போடு செய்வது அங்கே ஓர் உயிரின் காவலாக நிற்கிறது.

தொலைவும் நேரமும்

2009 மே மாதத்தில் கனடாவின் சாக் ரிவர் உலை பழுதால் நிறுத்தப்பட்டது. 1957-இல் தொடங்கிய அவ்வுலை உலகின் மாலிப்டினத் தேவையில் பெரும்பங்கை வழங்கி வந்தது. 2010 ஆகஸ்டு வரை அது இயங்கவில்லை. இடையில் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் சில மாதங்கள் நின்றது. பல நாடுகளில் நோயாளிகளின் சோதனைகள் தள்ளிவைக்கப்பட்டன. சேமித்து வைக்க இயலாத மருந்துக்குப் பஞ்சம் வந்தால், பழைய கையிருப்பு என்று ஒன்று இருக்காது. உலை நின்ற வாரமே ஊசியும் நிற்கும்.

பெட் ஸ்கேனுக்குரிய புளூரின் 18-இன் நிலை இன்னும் கடினம். அதன் அரை ஆயுட்காலம் 110 நிமிடம். சைக்ளோட்ரானில் செய்து, குளுக்கோசை ஒத்த மூலக்கூறில் பொருத்தி, உடனே அனுப்பவேண்டும். நம் காரைக்குடியை வைத்துக் கணக்கிடுவோம். மதுரையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் காரைக்குடி வந்தால் 47 சதவீதம் எஞ்சும். சென்னையிலிருந்து எட்டு மணி நேரத்தில் வந்தால் 5 சதவீதமே எஞ்சும். எனவே சைக்ளோட்ரானிலிருந்து விலகிய ஊர்களுக்கு மருந்தை அனுப்புவதைவிட நோயாளியை அனுப்புவதே வழக்கமாயிற்று. அந்தப் பயணத்தின் செலவையும் களைப்பையும் ஏற்பவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள்.

இந்த நிலைக்கும் வேதியியலே விடை தேடுகிறது. காலியம் 68 என்னும் ஐசோடோப்பின் அரை ஆயுட்காலம் 68 நிமிடம். ஆனால் அதன் தாயான ஜெர்மானியம் 68-இன் அரை ஆயுட்காலம் 271 நாள். ஒரு 'பசு' வந்தால் பல மாதம் கறக்கலாம். சைக்ளோட்ரான் அருகில் இருக்கவேண்டியதில்லை. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. காலியம் +3 அயனி அலுமினியத்தின் உடன்பிறப்பு. அமிலத்தன்மை குறைந்தால் மூன்றாம் தொகுதியில் நாம் காண்பது போலவே ஹைட்ராக்சைடாகிவிடும். வழக்கமான டோட்டா என்னும் வளைய ஈனி அதை விரைவாகப் பற்ற, சூடாக்கவேண்டியுள்ளது. அறை வெப்பநிலையில், சில நிமிடங்களில், குலுக்கினாலே இணையும் புதிய ஈனிகளை உலகெங்கும் ஆய்வாளர்கள் வடிவமைத்து வருகின்றனர். டெக்னீசியத்துக்கு அமைந்த எளிய குப்பி காலியத்துக்கும் அமைந்தால் சிறிய ஊர் மருத்துவமனையும் இச்சோதனையைச் செய்யக்கூடும்.

ஆய்வாளர் பணியும் நாமும்

பல்கலைக்கழக ஆய்வகத்தில் கதிரியக்க வேதியியல் ஆய்வாளராகச் சேர்பவரின் பணி இதுவே. புதிய ஈனியைத் தொகுக்கவேண்டும், ஐசோடோப்புடன் இணைக்கவேண்டும், இணைப்பு இரத்தத்தில் கலையாமல் நிற்கிறதா என்று பார்க்கவேண்டும், பின் மருத்துவருடனும் இயற்பியலாளருடனும் அமர்ந்து படத்தை ஆராயவேண்டும். எல்லாம் கடிகாரத்தைப் பார்த்தபடியே நடக்கும். நம் நாட்டில் இத்துறையில் உயர்ந்தவர்களுள் ஒருவர் மீரா வெங்கடேஷ் அம்மையார். பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிரியக்க மருந்துப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய அவர், பின்னர் வியன்னாவில் பன்னாட்டு அணுசக்தி முகமையில் இயற்பியல், வேதியியல் அறிவியல் பிரிவின் இயக்குநராகவும் பணியாற்றினார்.

'கதிரியக்கம்' என்றதும் வீட்டில் அஞ்சுவார்கள். அச்சம் நியாயமானதே, ஆகவேதான் விதிகளும் கடுமையாக உள்ளன. நம் நாட்டில் இப்பணியில் உள்ளவர் ஓராண்டில் ஏற்கும் கதிர்வீச்சு 30 மில்லி சீவர்ட்டுக்கு மிகக்கூடாது. ஐந்தாண்டுகளில் மொத்தம் 100-க்கு மிகக்கூடாது. மார்பில் அணியும் அளவி வில்லை இதைக் கண்காணிக்கிறது. ஈயத் திரை, தொலைவு, விரைவு ஆகிய மூன்றும் பாதுகாப்பு.

எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். பட்டம் முடிந்ததும் சம்பளம் வரும் என்பதே அங்குள்ள எதிர்பார்ப்பு. ஆராய்ச்சி என்றால் எம்.எஸ்ஸி. இரண்டாண்டு, அதன்மேல் முனைவர் பட்டத்துக்கு ஐந்தாண்டு என்று சொன்னால் அப்பா விரல்விட்டு எண்ணத் தொடங்குகிறார். என் போன்றோர் பலர் நம் வகுப்பில் உள்ளமையால் சில செய்திகளை இங்குக் கூறுதல் பயன்தரும்.

எம்.எஸ்ஸி. முடித்து, சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்ட விகிதப்படி மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். எனவே ஆராய்ச்சி என்பது வீட்டிலிருந்து பணம் வாங்கிப் படிப்பதன்று. 1957-இல் டிராம்பேயில் தொடங்கிய பயிற்சிப் பள்ளி முதுகலை வேதியியல் படித்தவர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகையுடன் ஓராண்டு பயிற்றி விஞ்ஞானிகளாக்குகிறது. அணு மருத்துவ நுட்பவியலில் தனிப் பட்டப்படிப்புகளும் உள்ளன. மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு மாணவர் நிலையிலேயே விண்ணப்பிக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் ஆங்கிலப் பாடநூலைத் தடையின்றிப் படிக்கும் பழக்கம் வேண்டும். தமிழ் வழியில் பயின்று வந்த நாம் நாளொன்றுக்கு இரண்டு பக்கம் என்று தொடங்கினால் ஓராண்டில் ஒரு நூல் முடிந்துவிடும்.

முடிவுரை

வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் நம் ஊரில் எழுந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். 'சிக்ரி' என்று நாம் அன்றாடம் சொல்லிச் செல்லும் அந்நிலையத்தின் பாடமாகிய மின்முலாம் பூசுதல் கதிரியக்க வேதியியலுக்கும் வேண்டிய கலை. இதயச் சோதனைக்குரிய தாலியம் 201 செய்வதற்கு, செம்புத் தகட்டின்மீது தாலியத்தை மின்பகுப்பால் சீராகப் படியவைத்த பின்னரே சைக்ளோட்ரானில் வைக்கின்றனர். படிவு சீராக இல்லையேல் கற்றையின் வெப்பத்தில் பாழாகிவிடும்.

பிரிபுனல், ஸ்டேனஸ் குளோரைடு, அலுமினான், மின்முலாம் ஆகியவை நம் ஊரிலும் நம் பாடத்திட்டத்திலும் ஏற்கெனவே உள்ளவை. கதிரியக்க வேதியியல் இவற்றின்மேல் கடிகாரம் ஒன்றைச் சேர்க்கிறது, அவ்வளவே. அடுத்த ஆண்டு நம் துறையில் ஒரு கருத்தரங்கு நடத்தி, மதுரையிலுள்ள அணு மருத்துவத் துறையினர் ஒருவரை அழைத்துப் பேசச் செய்ய, நம் பேராசிரியர்கள் ஆவன செய்யவேண்டுமென்று பணிவுடன் வேண்டுகிறேன். கேட்டுக்கொண்டிருப்பவர்களுள் ஒருவரேனும் அவ்வழி சென்றால், பிற்காலத்தில் நம் ஊர் மூதாட்டி ஒருவருக்கு மதுரைப் பயணம் மிச்சமாகலாம்.